‘ஒரு மாதிரியான’ கேம்களை யாருக்கு, எப்படிக் கொடுப்பது?

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். லிம்போ, இன்சைட் இரண்டையும் ஆடி முடித்துவிட்டு இன்னும் அதிலிருந்து வெளியே வர முடியவில்லையாம். அதே மாதிரி விநோதமான, சூழலே ஆளை விழுங்கிவிடுகிற கேம்கள் வேறு என்ன இருக்கின்றன? நண்பர்களிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் மூடிவிட்டு, போனில் கூட்டமாக ஆடும் துப்பாக்கிச் சண்டை கேமான பிஜிஎம்ஐ பக்கம் போய்விடுகிறார்கள், அவர்களை எப்படி ஆட வைப்பது? இதற்கெல்லாம் புது கம்ப்யூட்டர் வேண்டுமா? இவைதான் கேள்விகள்.

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் முதல் கேள்விக்கான பட்டியல் தானாக வந்துவிடும்.

உங்கள் நண்பர்கள் மேல் தப்பில்லை, தம்பி. அவர்களுக்கு கேம் என்றால் நாலு பேர் சேர்ந்து கத்திக்கொண்டே ஆடுவது. லிம்போ மாதிரி ஒன்று தனியாக, இருட்டில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆட வேண்டியது. “செம கேம்டா, கண்டிப்பா ஆடு” என்று வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போட்டால் ஒருத்தனும் ஆட மாட்டான். இந்த வகையை ஆள் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். கேம் எவ்வளவு சிறந்தது, எத்தனை விருது வாங்கியது என்பதெல்லாம் அப்புறம். அந்த ஆள் எந்த இடத்தில் வளர்ந்தான், என்ன வேலையைப் பார்த்துப் பழகினான், எதைக் கண்டு பயப்படுவான் என்று முதலில் யோசியுங்கள். விநோதம் எடுபட வேண்டுமென்றால் அதில் பாதியாவது ஏற்கெனவே தெரிந்ததாக இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். நான் இருப்பது கடலூரில். முதுநகர் பக்கம் விசைப்படகு வைத்திருக்கும் வீட்டுப் பையன் ஒருவன் என் நண்பன். கேம் பக்கமே வராதவன். அவனிடம் ‘ட்ரெட்ஜ்’ கொடுத்தேன். நியூசிலாந்தில் பிளாக் சால்ட் கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்து 2023-ல் வெளியிட்டது. படகு உடைந்து ஒரு தீவில் ஒதுங்கிய மீனவன் நீங்கள். ஊர் மேயர் ஒரு பழைய படகைக் கடனுக்குத் தருகிறார். மீன் பிடித்து விற்றுக் கடனை அடைக்க வேண்டும். கேட்க சாதுவான கேம் மாதிரிதான் இருக்கும்.

அந்தப் படகின் சரக்கறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். அது முழுக்கக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கும். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு வடிவம். சின்ன மீன் ஓரிரு கட்டத்தில் அடங்கிவிடும், பெரிய மீன் கோணல்மாணலாகப் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். திருப்பித் திருப்பி வைத்து அடுக்க வேண்டும். எஞ்சின், விளக்கு, வலை எல்லாவற்றுக்கும் அதே படகில்தான் இடம். பெரிய எஞ்சின் போட்டால் சீக்கிரம் கரை சேரலாம், ஆனால் வேறு எதையாவது கழற்ற வேண்டியிருக்கும். நேரம் போனால் மீன் கெடும். என் நண்பனுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்ததுமே அடுக்க ஆரம்பித்துவிட்டான். “இவனுக்கு டீசல் செலவு இல்லை, ஆள் கூலி இல்லை, தடைக்காலமும் இல்லை, அப்புறம் என்ன கஷ்டம்?” என்று ஒரு நக்கல் வேறு. நம் பக்கம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது என்பது தெரியாதவர்களுக்கு இந்த நக்கல் புரியாது.

பொழுது சாய்ந்ததும் கேமின் முகம் மாறுகிறது. இரவில் கடலில் நின்றால் திரையின் மேலே ஒரு கண் திறந்துகொள்ளும். உங்கள் ஆளுக்குப் பயம் கூடக் கூட அந்தக் கண் நிலைகொள்ளாமல் அலையும். பகலில் இல்லாத பாறை படகுக்கு முன்னால் முளைக்கும். தூரத்தில் ஏதோ வெளிச்சம் தெரியும். வலையில் வரும் மீன்களில் சில சரியான வடிவத்தில் இருக்காது. கண் இருக்கக்கூடாத இடத்தில் கண், வாய் இருக்கக்கூடாத இடத்தில் வாய். அவற்றையும் மீன் வியாபாரி நல்ல விலைக்கு வாங்கிக்கொள்கிறார், அதுதான் கூடுதல் உதறல். நண்பன் அதுவரை பேசிக்கொண்டே ஆடியவன், அதன் பிறகு பேச்சை நிறுத்திவிட்டான். அவனுக்கு மீன் தொழில் தெரியும் என்பதால்தான் அந்த மீன் தப்பாகப்பட்டது. ஐ.டி.யில் இருக்கும் இன்னொரு நண்பனுக்கு அதே கேமைக் கொடுத்தபோது “க்யூட்டா இருக்கு” என்று முடித்துக்கொண்டான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நம் கரையில் கடலைப் பயங்கரமாகக் காட்டும் கேமை எல்லோரிடமும் நீட்டிவிட முடியாது. 2004 சுனாமி தேவனாம்பட்டினம் போன்ற இடங்களில் எந்தெந்த வீட்டில் யாரைக் கொண்டுபோனது என்று நமக்குத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்று உங்கள் வயதுக்காரர்கள். சிலருக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்கு அலைச் சத்தமே போதும். முன்கூட்டியே “இது கடல் சம்பந்தப்பட்டது, பயம் வரும்” என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். ‘ஆச்சரியம் கெட்டுவிடும்’ என்று இதை மறைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

சரி, சூழல் என்று சொல்கிறோமே, அதை எப்படி உண்டாக்குகிறார்கள்? இது தெரிந்திருந்தால் நண்பனிடம் ‘ஹெட்போன் போடு’ என்று ஏன் கட்டாயப்படுத்துகிறோம் என்பதைச் சொல்லிப் புரியவைக்கலாம். இன்சைட் ஆடியிருக்கிறீர்கள். அதன் ஒலியமைப்பாளர் மார்ட்டின் ஸ்டிக் ஆண்டர்சன் ஒலிகளை நிஜமான ஒரு மனித மண்டையோட்டின் வழியாகச் செலுத்தி, எலும்பின் அதிர்வைப் பதிவு செய்து பயன்படுத்தினார். நம் குரல் நமக்கே உள்ளிருந்து எப்படிக் கேட்குமோ அந்த மாதிரி ஒரு அடைத்த தன்மை அந்த கேம் முழுக்க இருக்கும். லேப்டாப் ஸ்பீக்கரில், ஃபேன் சத்தத்துக்கு நடுவில் இதில் ஒன்றும் காதில் விழாது.

‘சைலன்ட் ஹில்’ என்ற திகில் கேமின் கதை வேறு மாதிரி. 1999-ல் முதல் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. ஒரு முழு ஊரையும் தூரம் வரை வரைந்து காட்ட அந்த மெஷினுக்குச் சக்தி போதாது. அதனால் ஊரை மூடுபனியாலும் இருட்டாலும் மறைத்தார்கள். அந்த மறைப்புதான் கேமின் உயிராகிவிட்டது. எதுவும் தெரியாத வெள்ளைக்குள் நடக்கும்போது கையிலிருக்கும் ரேடியோ கரகரக்கத் தொடங்கினால் ஏதோ ஒன்று பக்கத்தில் வருகிறது என்று அர்த்தம். பின்னால் வந்த மெஷின்களுக்கு அந்தப் பனி தேவையே இல்லை, ஆனாலும் அது இல்லாமல் அந்த ஊரைக் கற்பனை செய்ய முடியாது. மார்கழியில் அதிகாலை பஸ்ஸில் கடலூரிலிருந்து புதுச்சேரி போனவர்களுக்குப் பத்தடிக்கு மேல் ரோடு தெரியாத காலை என்றால் என்னவென்று தெரியும். இரண்டாம் பாகம் 2001-ல் வந்தது, கதையில் அதுதான் உசத்தி. அதன் மறுஆக்கம் 2024-ல் வந்திருக்கிறது, ஆனால் அதற்கு நல்ல மெஷின் வேண்டும்.

அடுத்து, ஆட்களுக்கு ஏற்ற மாதிரி சொல்கிறேன்.

ஆலைப் பக்கம் வளர்ந்த நண்பன் யாராவது இருந்தால் ‘நோர்கோ’. 2022-ல் வந்தது. அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் நோர்கோ என்று நிஜமாகவே ஓர் ஊர் இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் ரிஃபைனிங் கம்பெனி என்பதன் சுருக்கம்தான் அந்த ஊர்ப் பெயர், அதாவது எண்ணெய் ஆலையின் பெயரே ஊருக்கு. அம்மா இறந்த பிறகு ஊருக்குத் திரும்பும் ஒரு பெண், காணாமல் போன தம்பி, வீட்டில் ஒரு ரோபோ, எந்நேரமும் எரியும் ஆலை விளக்குகள். பிக்சல் ஓவியங்களாலேயே ஒரு சதுப்பு நிலத்தைக் கட்டியிருக்கிறார்கள். உப்பனாற்றங்கரையில் ஒருபக்கம் நண்டு, இறால், மறுபக்கம் புகைபோக்கி என்று பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த ஊர் அந்நியமாக இருக்காது. ஆனால் வாசிக்க நிறைய ஆங்கிலம் இருக்கிறது, அதுவும் வட்டார வழக்கு கலந்தது. படிக்கப் பொறுமை இல்லாதவனிடம் கொடுக்காதீர்கள்.

மொழி நாம் மறந்துவிடும் விஷயம். இந்த கேம்களில் தமிழ் சப்டைட்டில் எதிர்பார்க்க முடியாது. “போர் அடிக்குது” என்று ஒருவன் மூடினால், ஆங்கிலம் ஓடுகிற வேகத்துக்குப் படிக்க முடியாமல் கூச்சப்பட்டு மூடியிருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்குப் பேச்சே இல்லாத கேம்களைக் கொடுங்கள். நீங்கள் ஆடிய இரண்டும் அந்த வகைதான். அதோடு ‘ஜர்னி’ (2012): பாலைவனம், தூரத்தில் ஒரு மலை, அதை நோக்கி நடை, அவ்வளவுதான். இடையில் உலகின் ஏதோ மூலையிலிருந்து இன்னொரு ஆள் வந்து சேர்வார். பெயர் தெரியாது, பேச முடியாது, ஒரு சின்ன ஒலி எழுப்பலாம், அதுதான் மொத்த உரையாடலும். இரண்டு மணி நேரத்தில் முடியும். செக் நாட்டு அமானிட்டா டிசைன் செய்த ‘மெஷினேரியம்’ (2009) இன்னொன்று. துருப்பிடித்த ரோபோக்களின் நகரம், புதிர்கள், எல்லாமே படமாகத்தான் பேசும். போனிலும் கிடைக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடலாம்.

கேமே ஆடாத ஆளுக்கு, உதாரணமாகக் கதைப் புத்தகம் படிக்கும் அக்காவுக்கோ அண்ணிக்கோ, ‘வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் எடித் ஃபின்ச்’ (2017). ஒரு குடும்பத்தில் ஒவ்வொருவரும் எப்படி இறந்தார்கள் என்பதை வீட்டின் அறை அறையாகப் போய்த் தெரிந்துகொள்வது. அதில் லூயிஸ் என்பவனின் பகுதியை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை. வலது கையால் ஒரு மீனை எடுத்து, கத்தி மெஷினில் வைத்துத் தலையை வெட்டி, பெல்ட்டில் தள்ள வேண்டும். மறுபடி அடுத்த மீன். அவன் மனதில் ஒரு ராஜ்ஜியம் உருவாகிறது. இடது கையால் அந்த ராஜ்ஜியத்தில் நீங்கள் நடக்க வேண்டும், அதே சமயம் வலது கை மீன் வெட்டுவதை நிறுத்தக்கூடாது. கற்பனை திரையில் பெரிதாகிக்கொண்டே போய் ஆலையை மூடிவிடும். சிறிது நேரத்தில் உங்கள் வலது கை தானாக வெட்டிக்கொண்டிருப்பதை நீங்களே மறந்துபோவீர்கள். அவனுக்கு என்ன ஆனது என்று யாரும் விளக்கத் தேவையில்லை, உங்கள் கைக்கே தெரிந்துவிடும். சினிமாவாலோ புத்தகத்தாலோ முடியாத ஒரு காரியம் இது. ஆனால் குழந்தை இறப்பதும் இந்தக் கதையில் உண்டு. சமீபத்தில் துக்கம் நடந்த வீட்டுக்காரர்களிடம் இதைக் கொண்டுபோகாதீர்கள்.

நேரமே இல்லை என்கிறவனுக்கு ‘அயர்ன் லங்’ (2022). ஒரு மணி நேரம்தான். ரத்தக் கடலின் அடியில் ஒரு துருப்பிடித்த நீர்மூழ்கிக்குள் உங்களை அடைத்துவிடுகிறார்கள். ஜன்னலை வெல்டிங் வைத்து மூடிவிட்டார்கள். கையில் ஒரு வரைபடம், முன்னால் இருப்பிட எண்கள், எதையாவது நெருங்கினால் ‘பீப்’ என்று ஒரு கருவி. வெளியே என்ன என்று பார்க்க ஒரே வழி, பட்டனை அமுக்கி ஒரு கறுப்புவெள்ளைப் போட்டோ எடுப்பது. போட்டோ வருவதற்குள் மனம் படும் பாடுதான் முழு கேமும். பெரும்பாலும் வெறும் பாறைதான் தெரியும். பெரும்பாலும் என்றுதான் சொன்னேன்.

சரித்திரம் பிடித்தவனுக்கு ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஒப்ரா தின்’ (2018). லூகாஸ் போப் செய்தது. 1807-ல் ஆளில்லாமல் திரும்பி வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல். கம்பெனியின் இன்ஷூரன்ஸ் அதிகாரியாக ஏறி, கப்பலில் இருந்த 60 பேரும் யார் யார், என்ன ஆனார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். உச்சரிப்பு, உடை, படுக்கை எண் என்று துப்பு எல்லாம் சின்னச் சின்னது. மாலுமிகளில் இந்தியர்களும் உண்டு. பழைய கம்ப்யூட்டர் திரை மாதிரி புள்ளிகளாலேயே வரைந்த கறுப்புவெள்ளை. கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையின் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த நமக்கு அந்தக் கம்பெனி பாடப்புத்தகத்துக்கு வெளியேயும் தெரிந்த கம்பெனி.

கோட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. 1690-ல் ஆங்கிலேயர் அதை மராட்டியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள ஊர்களும் சேர்த்து என்பதுதான் பேச்சு. சுற்றி எல்லாத் திசையிலும் சுட்டு எல்லை வைத்தார்கள். குண்டு உப்பலவாடி என்கிற பெயரை இன்றும் அந்தக் கதையோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள். வானத்திலிருந்து விழுந்த ஒரு குண்டு உங்கள் ஊர் யாருக்குச் சொந்தம் என்று தீர்மானிக்கிறது. இதைவிட விநோதமான ஒரு கேம் தொடக்கம் யோசிக்க முடியுமா? சுவிட்சர்லாந்தின் ஒரு மலைக் கிராமத்தை வைத்து ‘முந்தௌன்’ என்று 2021-ல் ஒரு கேம் வந்தது. காட்சிகள் பென்சிலால் கையால் வரையப்பட்டவை, பாத்திரங்கள் பேசுவது ரொமான்ஷ் என்ற, மிகச் சிலரே பேசும் மலைமொழி. அவர்களால் முடிந்தால் பிச்சாவரத்தின் கால்வாய்களையும் அரிக்கமேட்டின் செங்கல் சுவர்களையும் வைத்து, நம் வழக்கில் பேசவைத்து ஒருவர் செய்ய முடியாதா என்ற ஏக்கம் எனக்கு உண்டு. சரி, அது இந்தக் கேள்விக்கு வெளியே போகிறது.

‘கென்டக்கி ரூட் ஸீரோ’வை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். ஐந்து பாகம், முதலாவது 2013-ல், கடைசி 2020-ல். பழம்பொருள் கடைக்காக ஒரு கடைசி டெலிவரி கொண்டுபோகும் லாரி ஓட்டுநரும் அவருடைய நாயும் பூமிக்கடியில் ஓடும் ஒரு நெடுஞ்சாலையைத் தேடுகிறார்கள். கடனில் மூழ்கிய மனிதர்கள்தான் வழியெல்லாம். மூன்றாம் பாகத்தில் ஒரு பாரில் ஒரு பெண் பாடுவாள். அடுத்த வரி என்ன என்று நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும், பாட்டுக்கு நடுவே கூரை திறந்து வானம் தெரியும். எனக்கு உயிர். ஆனாலும் முதல் பரிந்துரையாக யாருக்கும் இதைச் சொல்வதில்லை. அவ்வளவு மெதுவாக நகரும். இந்த வகையில் ஏற்கெனவே இரண்டு மூன்று முடித்தவனுக்குத்தான் இது.

‘யுமே நிக்கி’ 2004-ல் கிகியாமா என்ற புனைபெயரில் ஒரு ஜப்பானியர் தனியாகச் செய்தது. கம்ப்யூட்டர் கேம்கள் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் இலவசம். அறையைவிட்டு வெளியே போக மறுக்கும் ஒரு பெண், தூங்கினால் கனவுகள், கன்னத்தைக் கிள்ளினால் விழிப்பு. இலக்கு, விளக்கம், புள்ளிகள் எதுவும் கிடையாது. உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் நண்பர்களுக்குப் பிடிக்காது. ரஷ்யக் குழு செய்த ‘பாத்தலாஜிக்’ (2005) கொள்ளைநோய் பரவும் ஒரு ஊரில் பன்னிரண்டு நாள் தாக்குப்பிடிப்பது; சோற்று விலை ஒரே ராத்திரியில் ஏறிவிடும். ஆடுபவனை வேண்டுமென்றே வதைக்கும் கேம். அதை நீங்களே தேடிப் போய் ஆடுவதுதான் முறை, பிறர் தலையில் கட்டக்கூடாது.

‘அவுட்டர் வைல்ட்ஸ்’ (2019) பற்றி ஒரே வரி: விண்கலம் ஒன்றில் ஏறி ஒரு சின்னச் சூரியக் குடும்பத்தைச் சுற்றிப் பார்ப்பது. இதற்கு மேல் யார் சொன்னாலும் காதைப் பொத்திக்கொள்ளுங்கள், யூடியூபில் தேடவும் வேண்டாம். அதில் உங்களுக்குத் தெரிந்துவிட்ட விஷயம்தான் சாவி. முன்பே தெரிந்துவிட்டால் திறக்க ஒன்றும் இருக்காது.

இனி, சொல்லும் விதம். “கடைசியில் ஒரு ட்விஸ்ட் இருக்கு” என்று மட்டும் சொல்லவே கூடாது. கேட்டவன் அதற்காகவே காத்திருந்து நடுவில் உள்ளதைத் தவறவிடுவான். கதை சொல்லாதீர்கள், நிலைமையைச் சொல்லுங்கள்: “ராத்திரியில் கடலில் மாட்டிக்கொண்ட மீன்பிடிப் படகு”, “ஜன்னல் இல்லாத நீர்மூழ்கி”. ஒரு வரி போதும். எத்தனை மணி நேரம் ஆகும் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் என்று தெரிந்தால் ஒரு சினிமா அளவுதானே என்று உட்காருவார்கள். எங்கே மாட்டிக்கொள்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா, “அங்கே நின்றால் எனக்கு மெசேஜ் பண்ணு” என்று சொல்லி வையுங்கள். அப்புறம் மறுநாள் காலையிலேயே “முடிச்சியா, முடிச்சியா” என்று நச்சரிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அதைவிட மோசம், பயப்பட வேண்டியவன் வெட்கப்பட ஆரம்பித்துவிடுவான்.

பருவமும் முக்கியம். அக்னி நட்சத்திரத்தில் வியர்த்து வழியும் பிற்பகலில் யாருக்கும் இதெல்லாம் ஏறாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், வெளியே போக வழியில்லாத ராத்திரியில் கொடுங்கள். புயல் எச்சரிக்கை நாளில் மட்டும் வேண்டாம். 2011 தானே புயலுக்குப் பிறகு எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்பது மறந்திருக்காது. அன்றைக்கு லேப்டாப் பேட்டரி வேறு வேலைக்கு வேண்டியிருக்கும்.

பணம் வீணாகுமோ என்று தயங்கும் நண்பனுக்கு ஒரு தகவல்: ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணிக்குக் குறைவாக இருந்தால், திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். கோடை, குளிர்காலத் தள்ளுபடிகளில் இந்தப் பழைய கேம்கள் நன்றாக விலை இறங்கும், விஷ்லிஸ்டில் போட்டு வைத்தால் மெயில் வரும். ஒரே மணி நேரத்தில் முடிகிற அயர்ன் லங் மாதிரி கேமை முடித்துவிட்டுப் பணத்தையும் திருப்பி வாங்குவது மட்டும் நியாயமில்லை, அதைச் செய்தவர் ஒரு தனி ஆள்.

புது கம்ப்யூட்டர் வேண்டாம். லிம்போ, யுமே நிக்கி, நோர்கோ, கென்டக்கி, அயர்ன் லங் எல்லாம் காலேஜ் லேப்டாப்பிலேயே ஓடும். அவுட்டர் வைல்ட்ஸுக்கும் எடித் ஃபின்சுக்கும் சுமாரான ஒரு கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் நல்லது. சைலன்ட் ஹில் மறுஆக்கத்தைத் தள்ளிப்போடுங்கள். கையில் காசு இருந்தால் காதை முழுசாக மூடும் ஹெட்போன் ஒன்றும் வயர் உள்ள மவுஸ் ஒன்றும் வாங்குங்கள். ஒப்ரா தின்னை டச்பேடில் ஆடினால் பத்தாவது பிணத்துக்கு வருவதற்குள் மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்துவிடும்.